கணினிக் கோப்பிலிருந்து எண்களைப் புடைத்தெடுக்கும் முறை

(சாத்தாங்காட்டில் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவர் கூட்டத்தைச் சாத்தாங்காட்டில் வைப்பானேன் என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கக் கூடும். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் இன்று கண்ணில் படுவது நெல் அன்று, இரும்பு. சென்னை ஜார்ஜ் டவுனில் நெருக்கடிக்குள் நடந்துவந்த இரும்பு மொத்த வியாபாரத்தை இடம் மாற்றுவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகு அங்காடி இங்கேதான் உள்ளது. மீஞ்சூர், சோழவரம், பொன்னேரிப் பக்கத்து விவசாயிகள் வேலிக்குக் கம்பியும், கொட்டகைக்கு ஆங்கிளும், மோட்டாருக்குக் குழாயும் வாங்க வருவதும் இங்கேதான். இரும்பு கிலோக் கணக்கில் விற்கும் பொருள். ஆகவே இந்த வட்டாரத்தில் கடைக்கு அடுத்தபடியாக மதிப்புள்ள இடம் எடைமேடை, அதாவது நீங்கள் வேபிரிட்ஜ் என்று சொல்வது. அறுவடைக் காலத்தில் நெல் லோடு ஏறி இறங்குவதும் இதே மாதிரியான மேடைகளில்தான்.

எடைமேடையில் வண்டி ஏறியதும் உங்கள் கையில் ஒரு சீட்டு தருகிறார்கள். அதே எடை அங்குள்ள கணினியில் ஒரு வரியாகவும் பதிவாகிறது. மாதக் கடைசியில் அந்த வரிகளை எல்லாம் ஒரு கோப்பாக வாங்கிக்கொள்ளலாம். இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவற்றில் உறுப்பினருக்குப் பணம் பிரிப்பது இத்தகைய கோப்பை வைத்துத்தான். எடைக்கு மட்டும் அன்று. மழை அளவு, சந்தை விலை, கிணற்று நீரின் உப்பு, மண் பரிசோதனை முடிவு என்று உழவரைப் பற்றிய எண்கள் யாவும் இப்போது கோப்பாகத்தான் வருகின்றன. கணினி படித்த உங்கள் பிள்ளைகளோ, நிறுவனத்தின் கணக்கரோ அவற்றைப் பைத்தான் போன்ற நிரல்மொழியில் படித்துக் கூட்டிக் கழித்து உங்கள் முன் வைக்கிறார்கள். நிரல் எழுதுவது அவர்கள் வேலையாக இருக்கலாம். அதில் எது தப்பாகப் போகும் என்று தெரிந்து கேள்வி கேட்பது உங்கள் வேலை. ஏனென்றால் பணம் உங்களுடையது.

எண் போல் தோன்றும் எழுத்து

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உரைக் கோப்பு என்பது வெறும் எழுத்துகளின் வரிசை. அதில் 12 என்று இருந்தால் உங்களுக்கும் எனக்கும் அது பன்னிரண்டு. கணினிக்கு அது ஒன்று என்ற எழுத்தும் இரண்டு என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, அவ்வளவே. அதை எண்ணாக மாற்று என்று நாம் சொல்லும் வரை அது எண் ஆகாது.

மாற்றாமல் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? காலையில் 12 மூட்டை, மாலையில் 5 மூட்டை என்று கோப்பில் இருக்கிறது. இரண்டையும் கூட்டு என்றால் பைத்தான் 125 என்று விடை சொல்லும். எழுத்தோடு எழுத்தை ஒட்டுவதுதான் அதற்குத் தெரிந்த கூட்டல். 125 மூட்டை என்றவுடன் யாரும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். சிரிக்க முடியாத தவறு வேறொன்று உண்டு. குவிண்டால் விலை ஒரு சந்தையில் 950, இன்னொன்றில் 1200. எதில் விலை அதிகம் என்று எழுத்தாகவே வைத்துக் கேட்டால் 950 என்று வரும். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் முதல் எழுத்தைப் பார்த்து, 9 என்பது 1-க்குப் பின்னால் வருவதால் அதுவே பெரிது என்று கணினி முடிவு கட்டுகிறது. விடையில் வந்த 950 உண்மையான விலைதான், கோப்பில் இருக்கும் எண்தான். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. லோடு மட்டும் விலை குறைந்த சந்தைக்குப் போய்ச் சேரும்.

ஒரு மாதிரிக் கோப்பு

இனி ஒரு கோப்பைப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே எழுதிய மாதிரி இது. எந்த எடைமேடையையும் குறிப்பதன்று. நவரை நெல் அறுவடையில் மூன்று நாள் நடந்த எடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, வண்டி, லோடு வெயிட், எம்ப்டி வெயிட், நெட் வெயிட் ஆகியவை நடுவில் ஒரு செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்பட்டுள்ளன.

தேதி | வண்டி | லோடு | எம்ப்டி | நெட்
11/04/2025 | லாரி 1 | 18,450 கிலோ | 7,210 | 11,240
11/04/2025 | லாரி 2 | 16980 | 6,940 | 10,040
12/04/2025 | டிராக்டர் | 7.920 | 3,650 | 4,270
13/04/2025 | லாரி 2 | - | 6,940 | -
13/04/2025 | லாரி 1 | 17,860 | 7,210 | 10,560
மொத்தம் | | | | 36,110

மனிதக் கண்ணுக்கு இதில் பெரிய குழப்பம் ஒன்றும் தெரியாது. நிரலின் கண்ணால் பாருங்கள். ஒரு எண்ணுக்குப் பின்னால் கிலோ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில எண்களில் கமா உண்டு, ஒன்றில் இல்லை. ஒன்றில் கமா இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி இருக்கிறது. ஓரிடத்தில் எண்ணே இல்லை, வெறும் கோடு. கடைசி வரி எடையே அன்று, மேலே உள்ளவற்றின் கூட்டல். அதையும் ஒரு வண்டி என்று நினைத்துக் கூட்டினால் மொத்தம் 72,220 என்று இரட்டிப்பாகிவிடும்.

இந்த எழுத்துகளை எண்ணாக மாற்றுவதில் நிரல்மொழிகள் இரண்டு சாதியாக நடந்துகொள்கின்றன. ஒன்று கண்டிப்பானது. பைத்தானில் ஃப்ளோட் என்ற கட்டளை இப்படிப்பட்டது. 18,450 என்று கமாவோடு கொடுத்தால், இது எண் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். வேலை நடுவில் நின்றுபோனதே என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். மற்றது தாராளமானது. சி மொழியில் ஏடோஐ, ஜாவாஸ்கிரிப்டில் பார்ஸ்ஃப்ளோட் ஆகியவை அந்த வகை. இடப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போய், எண் அல்லாத எழுத்து வந்ததும் அதுவரை படித்ததை எடுத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடும். 18,450 என்பதில் கமா வந்ததும் நின்று 18 என்று சொல்லும். பிழை என்று ஒரு வார்த்தை வராது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். லோடிலிருந்து எம்ப்டியைக் கழித்தால் நெட் வர வேண்டும் என்பது எடைமேடையின் அடிப்படைக் கணக்கு. சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்று தோன்றும். தாராளமான கட்டளை முதல் லாரியை 18, 7, 11 என்று படிக்கிறது. 18-இல் 7 போனால் 11. கணக்குச் சரி! 13-ஆம் தேதி லாரியை 17, 7, 10 என்று படிக்கிறது. 17-இல் 7 போனால் 10. அதுவும் சரி! மூன்று எண்ணும் தவறு, சரிபார்ப்பு மட்டும் தேறிவிட்டது. போதாததற்கு, அந்த வரியில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் ஒரு பிழையும் இதில் மூடப்பட்டுவிடுகிறது. 17,860-இல் 7,210 போனால் 10,650 வர வேண்டும். கோப்பில் 10,560 என்று இருக்கிறது.

ஆகவே கழித்தல் சரிபார்ப்பு ஒன்று மட்டும் போதாது. 18 கிலோ எடையுள்ள லாரி உலகத்தில் உண்டா என்று கேட்கும் சரிபார்ப்பும் உடன் வேண்டும். எம்ப்டி லாரி என்றால் இத்தனை டன்னுக்குக் குறையாது, லோடு ஏறிய லாரி இத்தனைக்கு மேல் போகாது என்று எல்லைகளை நிரலிலேயே எழுதிவைக்கலாம். அந்த எல்லைகளைப் பட்டணத்தில் இருந்து நிரல் எழுதுபவரைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள்.

புடைக்கும் வரிசை

நெல் புடைக்கும்போது முறத்தை எப்படி ஆட்டினால் பதர் மட்டும் முன்னால் போகும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஓங்கி ஆட்டினால் நெல்லும் சேர்ந்து போய்விடும். கோப்பைப் புடைப்பதும் அப்படியே. படிப்படியாகச் சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்படுபவை. நான் அவற்றின் ஒலியை மட்டும் தருகிறேன்.

முதலாவதாக, எடைமேடையிலிருந்து வந்த மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. அதன் படி ஒன்றை எடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும். எக்செல் போன்ற அட்டவணைச் செயலியில் அதைத் திறந்து பார்த்துச் சேமிப்பதும் கை வைப்பதுதான். நம் கோப்பில் உள்ள தேதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைக்கும் கணினியில் இந்தக் கோப்பைத் திறந்தால் 11/04 என்பது நவம்பர் 4 ஆகும், 12/04 என்பது டிசம்பர் 4 ஆகும். 13/04 மட்டும் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் மாறாமல் எழுத்தாகவே நிற்கும். ஒரே வார அறுவடை மூன்று இடத்தில் சிதறிவிடும். சேமித்துவிட்டால் முன்பு இருந்தது என்ன என்று பிறகு கண்டுபிடிப்பதும் கடினம்.

அடுத்து, கோப்பை ஓபன் கட்டளையால் திறந்து வரி வரியாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் ஸ்பிளிட் கட்டளையால் செங்குத்துக் கோடு இருக்கும் இடங்களில் ஐந்து துண்டாக்க வேண்டும். துண்டு ஐந்து வருகிறதா என்று எண்ணிப் பார்த்தல் அவசியம். துண்டுகளைப் பிரிக்கும் குறியாகக் கமாவையே பயன்படுத்தும் கோப்புகளும் நிறைய உண்டு. அவற்றில் மேற்கோள் குறிக்குள் வைக்காமல் 18,450 என்று எழுதியிருந்தால் அதுவே இரண்டு துண்டாகி, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். எம்ப்டி இருக்க வேண்டிய இடத்தில் 450 வந்து உட்கார்ந்திருக்கும்.

பிறகு ஸ்டிரிப் கட்டளையால் ஒவ்வொரு துண்டின் இரு பக்கத்திலும் உள்ள வெற்றிடங்களை நீக்க வேண்டும். ரீப்ளேஸ் கட்டளையால் கமாவையும் கிலோ என்ற சொல்லையும் எடுத்துவிட வேண்டும். நம் நாட்டில் லட்சத்துக்கு 1,00,000 என்று கமா வைக்கிறோம், வெளிநாட்டில் 100,000 என்று வைக்கிறார்கள். கமாவை முழுவதுமாக எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றே. ஆனால் ஜெர்மனி போன்ற நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் கமாவும், ஆயிரத்துக்குப் புள்ளியும் இடுவது வழக்கம். அங்கிருந்து வந்த கருவியின் கோப்பில் இந்த வைத்தியம் பலிக்காது.

கண்ணுக்கே தெரியாத எழுத்துகளும் உண்டு. கோப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு மறைந்த குறி, எண்ணின் நடுவில் உடையாத வெற்றிடம் என்னும் ஒரு குறி, சுழிக்குப் பதிலாக ஆங்கிலத்தின் ஓ எழுத்து. பார்வைக்கு எண் சரியாக இருக்கும், நிரல் மட்டும் அடம் பிடிக்கும். அப்போது நிரலைத் திட்டாமல், அந்தத் துண்டில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று லென் கட்டளையால் எண்ணச் சொல்லுங்கள். ஐந்து இலக்க எண்ணுக்கு ஆறு எழுத்து என்று வந்தால் திருடன் உள்ளே இருக்கிறான் என்று பொருள்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு மட்டும் உரிய ஒரு செய்தி. பழைய பத்திரங்களிலும் கணக்கு ஏடுகளிலும் இருக்கும் தமிழ் எண்களை அப்படியே கோப்பில் ஏற்றினால் பைத்தான் படிக்குமா? படிக்கும். ௨௫ என்று கொடுத்தால் இருபத்தைந்து என்று புரிந்துகொள்கிறது. ஆனால் நம் முன்னோர் எழுதிய முறையில் ௨௰௫ என்று பத்துக்குத் தனிக் குறி இட்டுக் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும். பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகளை அது இலக்கமாக ஏற்பதில்லை. மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்களின் கதியும் அதுதான். தாத்தா காலத்து நிலக் கணக்கைக் கணினியில் ஏற்ற விரும்புவோர் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பின்புதான் ஃப்ளோட் கட்டளை. அது பிழை காட்டினால் நிரல் நின்றுபோகாமல் இருக்க டிரை, எக்செப்ட் என்ற இரண்டு சொற்கள் உதவும். முயன்று பார், முடியாவிட்டால் இதைச் செய் என்பது அவற்றின் பொருள். முடியாவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் நிரல் எழுதியவரின் யோக்கியதை வெளிப்படும். முடியாத இடத்தில் சுழி போட்டுவிடு என்று எழுதுவோர் உண்டு. வரியையே விட்டுவிட்டு மேலே போ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டும் நமக்கு ஆகாது. அந்த வரியை அதன் வரி எண்ணோடு ஒரு தனிப் பட்டியலில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். முடிவில் படித்த வரி எத்தனை, ஏற்ற வரி எத்தனை, ஒதுக்கிய வரி எத்தனை என்று நிரல் சொல்ல வேண்டும். பின் இரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும்.

வரியை எண்ணுவது அற்ப வேலை என்று நினைக்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் கொரோனா தொற்றுக் கணக்கில் 15,841 பேர் விடுபட்டுப் போனார்கள். பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வகையில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிகுதி வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்தன. அத்தனை பேரோடு பழகியவர்களுக்கும் எச்சரிக்கை போய்ச் சேரத் தாமதமாயிற்று.

கோடு வேறு, சுழி வேறு

நம் மாதிரிக் கோப்பின் ஐந்தாம் வரியில் இருக்கும் கோட்டுக்கு வருவோம். அன்று லாரி 2 நெல் ஏற்றி வந்தது. லோடு எடை பதிவாகவில்லை. எடை தெரியவில்லை என்பதற்கும் எடை சுழி என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முதல் நடையில் அந்த வண்டி 10,040 கிலோ கொண்டுவந்தது. இதுவும் ஏறத்தாழ அவ்வளவே என்று வைத்துக்கொண்டால், 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு பொது ரக நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலையான குவிண்டால் ரூ.2,369 கணக்கில் அந்த ஒரு கோட்டின் மதிப்பு ஏறத்தாழ ரூ.2,37,800. அதைச் சுழி என்று எழுதிய நிரல் யாரோ சிலருடைய ஒரு பருவ உழைப்பைச் சுழி என்று எழுதிவிட்டது.

வானிலைக் கோப்புகளில் கோட்டுக்குப் பதில் எண்ணையே குறியாக இடுவார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து வெளியிடும் தினசரி மழைத் தொகுப்பில், விவரம் இல்லாத இடத்தைக் குறிக்க -999 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறது. 1901 முதலான மழை அதில் இருப்பதால் ஆராய்ச்சிக்கும் காப்பீட்டுக் கணக்குக்கும் அது பெரிதும் பயன்படுகிறது. -999-ஐ மறந்து கூட்டினால் மாத மழை சுழிக்கும் கீழே போகும். யாராக இருந்தாலும் கண்டுகொள்வார்கள்.

ஆனால் அதே துறையின் வெப்பநிலைத் தொகுப்பில் அந்தக் குறி 99.9. இது பொல்லாத குறி. ஒரு மாதத்தில் 29 நாட்களின் சராசரி 34 டிகிரி என்றும், ஒரு நாளுக்கு விவரம் இல்லை என்றும் கொள்வோம். 99.9-ஐயும் சேர்த்துச் சராசரி போட்டால் 36.2 டிகிரி வருகிறது. நம் ஊரில் 36.2 டிகிரி நடக்காத காரியமா? யாரும் ஐயுறமாட்டார்கள். பூ உதிர்வுக்கும் பயிர் வாட்டத்துக்கும் அந்த மாதத்து வெயில் தலையில் பழி விழும். ஆகவே கோப்பு எங்கிருந்து வந்தாலும், இல்லாததை நீங்கள் எப்படிக் குறிக்கிறீர்கள் என்பதே நாம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

மழை பற்றி இன்னொரு சிறு குறிப்பு. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. அளந்த நாளின் தேதியே பதிவில் இருக்கும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பகலும் இரவும் சென்னையை மூழ்கடித்த மழையை டிசம்பர் 2 என்ற தேதியில்தான் காண்பீர்கள். உங்கள் வயலில் மழைமானி வைத்திருப்பவர்கள் நள்ளிரவுக் கணக்கு வைத்துக்கொண்டு, துறையின் கணக்கு ஒரு நாள் தப்பு என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பெரிய எண் எல்லாம் பதர் அன்று

அந்த மழையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயிற்று. ஒரு நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை இருந்தால் அது கருவிக் கோளாறு, நீக்கிவிடு என்று ஒருவர் நிரல் எழுதியிருந்தால், நூறாண்டில் முக்கியமான மழையை அவர் குப்பையில் போட்டிருப்பார்.

உலக அளவில் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு ஓசோன் படலம். தென்துருவத்துக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்துவிட்டதை ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் அறிவியலார் தரையில் இருந்த பழைய கருவியால் அளந்து 1985 மே மாதம் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் நிம்பஸ் 7 செயற்கைக்கோள் அதே இடத்தை மேலிருந்து அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழே வரும் அளவுகளை ஐயத்துக்குரியவை என்று அதன் நிரல் குறியிட்டு வைத்தது. நல்ல வேளையாக அந்த எண்களை அழித்துவிடவில்லை. தனியே குறித்து வைத்திருந்ததால் பின்னர் எடுத்துப் பார்த்து ஓட்டையின் பரப்பை வரைய முடிந்தது. ஒதுக்கிய வரிகளைத் தனிப் பட்டியலில் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

இங்கிருந்து வடக்கே போனால் மீஞ்சூர். அங்கே இந்தச் செய்தி ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1960-களில் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்தது. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1966 முதல் 1969 வரை ஆய்வு நடத்தியது. அதற்குப் பின்னும் உவர் நீர் நிலத்துக்குள் நகர்ந்துகொண்டே வந்து, கிணறுகள் பல பாசனத்துக்கு உதவாமல் போயின. இதை அங்குள்ள பெரியவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கிணற்று நீரின் மின் கடத்துதிறனை மாதந்தோறும் அளந்து கோப்பில் எழுதி வருகிறீர்கள் என்று வையுங்கள். 1.1, 1.2, 1.1, 1.3 என்று போய்க்கொண்டிருந்தது, திடீரென்று 2400 என்று ஓர் எண். நீக்குவதா, வைத்துக்கொள்வதா? அலகைப் பாருங்கள். ஆய்வுக்கூடம் டெசி சீமென்ஸ் என்ற அலகில் தருகிறது. கையடக்கக் கருவிகள் பல மைக்ரோ சீமென்ஸில் காட்டுகின்றன. முன்னதில் 1 என்பது பின்னதில் 1000. எனவே 2400 என்பது 2.4 ஆகும். கோளாறு என்று அந்த எண்ணைத் தூக்கி எறிந்தவர் கிணற்றில் உப்பு இரட்டிப்பானதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டார். 3-க்கு மேல் போனால் அந்த நீர் பெரும்பாலான பயிர்களுக்குக் கடும் கட்டுப்பாட்டோடுதான் உதவும். அதற்கு முன்பே இறைப்பைக் குறைக்கவோ, பயிரை மாற்றவோ கிடைத்த சில மாத அவகாசம் அந்த ஒரு எண்ணில் இருந்தது. அலகு ஒன்றாக்கிய பின்னும் எண் பெரிதாக இருந்தால் மறுநாளே மறுபடி அளந்து பார்ப்பதுதான் முறை. நிரலால் அதைச் செய்ய இயலாது.

ஒதுக்கிய மூன்று வரிகள்

மறுபடியும் நம் எடைக் கோப்பு. தலைப்பு வரியையும் மொத்த வரியையும் விட்டுவிட்டால் ஐந்து எடைகள். இரண்டு சுத்தமாகத் தேறின. மூன்று ஒதுங்கி நிற்கின்றன.

டிராக்டர் வரியில் 7.920 என்று இருக்கிறது. இதை ஃப்ளோட் கட்டளை முணுமுணுக்காமல் 7.92 என்று ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அது ஒழுங்கான எண்தான். எல்லைச் சரிபார்ப்பும் கழித்தல் சரிபார்ப்பும் இருந்தால்தான் பிடிபடும். எம்ப்டி 3,650, நெட் 4,270, கூட்டினால் 7,920. டன்னில் எழுதினார்களோ, கமாவுக்குப் புள்ளி வைத்தார்களோ, இரண்டுக்கும் விடை ஒன்றே. இந்த வரிக்கு அதே வரியே சாட்சி சொல்லிவிட்டது. திருத்தி ஏற்கலாம். திருத்தினோம் என்று பக்கத்தில் எழுதவும் வேண்டும்.

ஆறாம் வரியில் 10,650 வர வேண்டிய இடத்தில் 10,560. வேறுபாடு 90. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். இங்கே 6-உம் 5-உம் இடம் மாறியதாகவே தெரிகிறது. எம்ப்டி எடை 7,210 முதல் நாளும் அதுவே ஆகையால் அதில் தவறிருக்க வாய்ப்புக் குறைவு. மின்சாரம் நின்ற நேரத்தில் கையால் எழுதிப் பின்னர் தட்டச்சு செய்யும் வரிகளில் இது சாதாரணம். ஆயினும் இது ஊகம். 90 கிலோ நெல்லுக்கு மேற்சொன்ன விலையில் ரூ.2,132 ஆகிறது. சீட்டைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

ஐந்தாம் வரியின் கோட்டை நிரலாலோ ஊகத்தாலோ நிரப்ப வழியே இல்லை. முன் நடையைப் பார்த்து 10,040 என்று போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டுநரிடமோ, நெல் இறக்கிய இடத்திலோ அச்சிட்ட சீட்டு இருக்கும். அதைத் தேடி எடுங்கள். அதில் உள்ள எண் 5 கிலோ அல்லது 10 கிலோ படியில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலான லாரி எடைமேடைகள் அந்தப் படியில்தான் எடை காட்டும். 10,043 என்று ஒரு சீட்டு வந்தால் அது மேடை சொன்ன எண்ணா, கை எழுதிய எண்ணா என்று கேட்க வேண்டியதுதான். எடைமேடைக்காரரிடம் போகும்போது கோப்பில் தப்பு இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். 13-ஆம் தேதி, லாரி 2, கோப்பின் ஐந்தாம் வரி, லோடு எடை இல்லை என்று தாளில் எழுதி எடுத்துப் போங்கள், தேடிக் கொடுப்பார். மேடைக்குத் தொழிலாளர் துறையின் எடையளவு முத்திரை அந்த ஆண்டுக்கு இடப்பட்டிருக்கிறதா என்றும் அப்படியே பார்த்து வந்துவிடுங்கள்.